கரண்டு போகமாட்டேங்குது

ஜெனரேட்டர் வந்த நாளிலிருந்து கரண்டு போகவே இல்லை. சூப்பர்வைசர் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பதும், அது நிற்காமல் சுற்றுவதைக் கண்டு பல்லைக் கடிப்பதுமாக இருந்தார்.

"இன்னிக்கும் போகலையா?" என்று கேட்டபடி ஈரத்துணி வாளியோடு வந்த அவர் மனைவி, நடைவழியில் நின்ற ஜெனரேட்டரில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"போகும், போகும். அவசரப்படாதே."

அவர் பாட்டில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தெருவிலும் அதுவே பெயராகிவிட்டது. தொழிற்சாலை ஆண்டு விழாவில் மேடையேறிப் பாடப் போகிறார். அதனால் சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் மைக், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் என்று ஹாலில் கடை பரப்பிப் பயிற்சியில் இறங்கிவிடுவார். தன் குரலைப் பற்றி அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மற்றவர்களும் இதுவரை வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

ஒரே இடைஞ்சல் கரண்டுதான். பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைத்தால் பொசுக்கென்று போய்விடும். அவர் ஜன்னலுக்கு வந்து விசாரிப்பதற்கு முன்பே எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் குரல் கொடுப்பார்: "இங்கேயும் போச்சு சூப்பர்வைசர்! தெரு முழுக்கப் போச்சு!"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். வாஷிங் மெஷினுக்கென்று மனைவி சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு போய், சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார். "இனிமே ஊரே இருட்டானாலும் நான் பாடுவேன்!" என்று தெருமுனையிலிருந்தே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு உருட்டி வந்தார். அன்றோடு கரண்டு போவது நின்றது.

"கடைக்காரர்கிட்ட பேசிட்டேன்," என்றாள் மனைவி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் திருப்பி எடுத்துக்குவாராம். பதிலுக்கு வாஷிங் மெஷின் தர்றாராம். அதுக்குள்ள இதால வீட்டுக்கு ஒரு பிரயோஜனம்னு காட்டுங்க. இல்லேன்னா வண்டியில ஏத்திடுவேன்."

"ஒண்ணு என்னடி, ஒன்பது காட்டுறேன்!"

சொன்னாரே தவிர, மனசுக்குள் கணக்குப் போட்டார். ஜெனரேட்டர் போய்விட்டால் கரண்டு திரும்பப் போக ஆரம்பிக்கும். கரண்டு போனால் பயிற்சி போகும். பயிற்சி இல்லாமல் மேடையேறினால் மானம் போகும்.

மறுநாள் விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. சூப்பர்வைசர் முகம் மலர்ந்தது. கொல்லையில் தகரக் கூரைக்கு அடியில் ஜெனரேட்டரை நிறுத்தி, அதன் புகைக்குழாய்க்கு நேர் எதிரே கொடி கட்டி, துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டார். கயிற்றைச் சுண்டி இழுத்ததும் அது உறுமிக்கொண்டு சூடான காற்றைக் கக்கியது. துணி மொறுமொறுவென்று காய்ந்தது. மகளின் வெள்ளைச் சீருடை முதுகில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

மகள் அதை மோந்து பார்த்தாள். "அப்பா, இதைப் போட்டுக்கிட்டு நான் ஸ்கூலுக்குப் போகணுமா, பெட்ரோல் பங்குக்கா?"

"கறைதானே? துவைச்சா போச்சு," என்றார் அவர். சொன்ன வாயோடு அவருக்கு அடுத்த யோசனையும் உதித்தது. ஜெனரேட்டர் ஓடும்போது அதன் மேல் வைத்த டம்ளர் குதிகுதியென்று குதித்ததை அவர் பார்த்திருந்தார். வாஷிங் மெஷின் வேறென்ன செய்கிறது? துணியைப் போட்டுக் குலுக்குகிறது, அவ்வளவுதானே! ஜெனரேட்டரையே வாஷிங் மெஷின் ஆக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு வேலையே இல்லை.

ஜெனரேட்டர் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, வாளியில் சோப்புத் தண்ணீரும் சீருடையும் போட்டு, மேலே வைத்துக் கட்டினார். கயிற்றை இழுத்தார். வாளி குலுங்கியது. நுரை பொங்கியது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வந்து பாருடி! சீக்கிரம் வா!"

கையைத் துடைத்துக்கொண்டு மனைவி வருவதற்குள், வைத்த இடத்தில் ஜெனரேட்டர் இல்லை. குலுங்கிய குலுங்கலில் சக்கரம் தடுப்பைத் தாண்ட, அது சரிவில் உருண்டு, பக்கத்து வீட்டு மதிலில் போய் முட்டிக்கொண்டு நின்று உறுமியது. வாளி மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் பறந்திருந்தது.

அவர் ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தார். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை எழும்பியது. தலை நிறைய நுரை, தோளில் சீருடை.

"தெரியாம நடந்து போச்சும்மா..."

"நிறுத்தாதீங்கண்ணே!" என்று கெஞ்சினாள் அவள். "சாயந்திரமானா போதும், எங்க குட்டி வீல்னு கத்த ஆரம்பிச்சிடும். என்ன செஞ்சும் தூங்காது. இப்ப இந்தச் சத்தத்துல பாருங்க, கட்டையாட்டம் தூங்குது!"

சூப்பர்வைசர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

பிறகு தினமும் சாயந்திரம் மதிலோரம் ஜெனரேட்டர் ஓடியது. நிறுத்தினால் குழந்தை அலறும், மதிலுக்கு மேலே தலை முளைக்கும். அந்த இரைச்சலில் பாட முடியாது. பாடுவதற்காக வாங்கிய சாமானே பாட விடாமல் செய்கிறதே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் இவ்வளவு சத்தத்துக்கும் புகைக்கும் தெருவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தார். நல்ல ஜனங்கள் என்று சூப்பர்வைசர் நெகிழ்ந்தார்.

சனிக்கிழமை அவர் மூளை முழு வேகத்தில் வேலை செய்தது. ஜெனரேட்டர் சத்தத்தை போனில் பதிவு செய்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கு அனுப்பிவைத்தார். தொட்டிலுக்கு அடியில் அதை ஓடவிட்டதும் குழந்தை கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

"அண்ணே, நீங்க சயின்டிஸ்ட்!" என்றாள் அவள்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "குழந்தைக்கு போன் போதும்னா, அந்த மெஷின் எதுக்கு?"

 

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கடைக்காரரே வண்டியோடு வந்தார். வாஷிங் மெஷின் இறங்கியது, ஜெனரேட்டர் ஏறியது. மனைவி பெட்டியைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனாள். சூப்பர்வைசர் ஜெனரேட்டரைக் கடைசியாக ஒருமுறை தட்டிக்கொடுத்தார். மனசை ஆற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். உள்ளே போனார். மைக்கைத் தட்டினார், ஸ்பீக்கர்களை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தார், கண்ணை மூடிச் சோகப் பாட்டு ஒன்றை எடுத்தார்.

பல்லவி முடிந்தது. சரணத்தில் கால் வைத்தார். பொசுக்கென்று மைக் செத்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றது.

ஒரு கணம் அவரால் நம்ப முடியவில்லை. அடுத்த கணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"இறக்கு! ஜெனரேட்டரை இறக்கு! கரண்டு போயிடுச்சு!"

வாசல் சுவரில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவி திடுக்கிட்டாள். "என்னங்க இது? இப்ப வந்துடும்ங்க. நீங்க பாட்டை நிறுத்திட்டு ஒரு காபி குடிங்க, அதுக்குள்ள வந்துடும்."

"காபியா? நீ என்ன சொன்னே, பிரயோஜனம் காட்டணும்னு சொன்னே இல்ல? இந்தா, காட்டுறேன்!"

"அப்ப வாஷிங் மெஷின்?" என்றார் கடைக்காரர்.

"ஏத்திட்டுப் போங்க!"

மனைவி வாஷிங் மெஷினைப் பார்த்தாள், ஜெனரேட்டரைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. இந்த மாதிரி நல்ல நேரத்தில் பெண்களுக்கு உணர்ச்சி வருவது சகஜம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். எதிர்வீட்டிலிருந்து வழக்கமாக வரும் குரல் மட்டும் ஏனோ இன்றைக்கு வரவில்லை.

இறக்கிய ஜெனரேட்டரை வண்டி மறைவில் நிறுத்தி, அதன் பின்னால் குந்தி, வெற்றிப் புன்னகையோடு கயிற்றைப் பிடித்தார்.

அப்போது தடியை ஊன்றி ஊன்றி, மூச்சு வாங்க, எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் வந்து சேர்ந்தார். குந்தியிருந்தவரை அவர் கவனிக்கவில்லை. மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரின் மனைவியிடம் ரொம்பவும் வருத்தத்தோடு சொன்னார்:

"மன்னிச்சிடும்மா, முட்டிவலி, வர நேரமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை உங்க மெயினை அணைக்கிறது என் முறையாச்சே, அதுக்குள்ள யாரு முந்திக்கிட்டது?"