விடியும்போதே சுடும் எஞ்சின்

துடைக்கிற துணியோடு எஞ்சினைத் தொட்ட மூத்தவர், கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். சுட்டுவிட்டது.

வெயில் இன்னும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டவில்லை. வண்டியோ நேற்று மாலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. ராத்திரி முழுக்க நின்றும் ஆறாத எஞ்சினை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அது சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. அப்பா வாங்கியது, மூத்த மகன் என்பதால் இவருக்கு வந்தது. தெருவில் அதை யாரும் தள்ளியதில்லை, இவரைத் தவிர வேறொருவர் ஓட்டியதும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்குள் இந்த இரண்டையும் சொல்லிவிடுவார்.

தம்பி கார் வாங்கி, மேட்டுத் தெருவின் உச்சியில் மாடிவீடும் கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தவன், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "கார் அனுப்பட்டுமாண்ணே? உங்க வண்டி மேடு ஏறாது" என்றான்.

"ஏறி வரும். மாடியில நின்னு பாரு" என்று சொல்லிவிட்டார் மூத்தவர்.

சொன்ன சொல் சொன்னதுதான். இந்த நேரம் பார்த்து வண்டிக்குக் காய்ச்சல்.

காலை நடையை முடித்துவிட்டு, வேர்த்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"வெயில் காலம்ல" என்றாள் அவள், செருப்பு வாரைக் கவனமாகக் கழற்றியபடி.

அந்தச் சொல்லில் அவருக்குப் பொறி தட்டியது. வெயில்! இந்த வெயிலுக்கு ஆயில் தண்ணியாகிவிட்டது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சூடு தங்காது. உதிரிபாகக் கடைக்காரர் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அதை எழுதியவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று பதில் சொல்லிவிட்டு, கடையில் இருப்பதிலேயே கெட்டியான டப்பாவை வாங்கிவந்து தன் கையாலேயே மாற்றினார்.

மறுநாள் காலை எஞ்சின் அதே மாதிரி சுட்டது.

"ரொம்பக் கெட்டியா இருக்குங்க" என்றாள் மனைவி, முழங்காலைத் தடவிக்கொண்டே. "கிக்கர் மிதிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்."

"மிதிக்கப்போறது நான். உனக்கு ஏன் கால் வலிக்குது?" என்றார் மூத்தவர். மிதித்தார். உயிர்தான் போகவில்லை.

தம்பியின் காரில் விலை உயர்ந்த ஆயில் ஊற்றுவது நினைவுக்கு வந்தது. அவனிடம் கேட்பது மானக்கேடு. ஆனால் அவன் வீட்டு வாசலில் கிடக்கும் காலி டப்பாவின் பெயரைப் படிப்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. அதையே வாங்கினார். கடைக்காரர் அது காருக்கானது, வண்டிக்கு ஊற்றினால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார். காரைத் தாங்குகிற ஆயிலுக்கு வண்டி எம்மாத்திரம் என்று மூத்தவர் கேட்டார்.

அடுத்த நாளும் எஞ்சின் சுட்டது. மனைவியின் முகம் மட்டும் வாடியிருந்தது.

"என்னங்க, பழைய ஆயிலையே ஊத்திடுங்களேன். கிளட்ச் வழுக்குது... வழுக்கும்னு கடைக்காரர் சொன்னாராமே."

"பின்னாடி உக்கார்றவங்களுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? புடவையைச் சக்கரத்துல மாட்டிக்காம உக்காந்தா போதும்."

அவள் புடவைக் கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சூடு போகவே இல்லையே, அளவு போதவில்லையோ என்று சனிக்கிழமை மூத்தவருக்குத் தோன்றியது. மிச்சமிருந்த ஆயிலையும் கழுத்துவரை ஊற்றி மூடியை இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதே பின்னால் நீலப் புகை திரை கட்டியது. தங்கள் தெருமுனையைத் தாண்டி மேடு தொடங்கும் டீக்கடை அருகே வந்ததும் எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. இன்னும் முறுக்கினார். இன்னும் அலறியது. தேய்ந்த கிளட்ச்சின் தீய்ந்த வாடை வந்தது.

உச்சியில், மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி தம்பி நின்றிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

மூத்தவர் வண்டியை அணைத்தார். இருவரும் இறங்கினார்கள்; அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். வண்டி பழுதானதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவின் வண்டியை நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு போகும் முதல் ஆள் தானாக இருக்கப்போவதுதான் பெரிதாகத் தெரிந்தது. தான் சொன்ன எதையும் மனைவி எதிர்த்து வாதாடியதில்லை என்பதும் ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"நீ சொன்ன மாதிரி பழைய ஆயிலையே ஊத்தியிருக்கலாம்" என்றார் தாழ்ந்த குரலில். "இந்த வண்டியை இதுவரைக்கும் யாரும் தள்ளினதில்லை. உனக்குத் தெரியும்."

மனைவி தரையைப் பார்த்தாள். ஆனால் அவள் கை தானாகவே பின்பக்கக் கம்பியில், சரியான இடத்தில் போய்ப் பிடித்துக்கொண்டது.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உதவிக்கு வந்த டீக்கடைக்காரர், மூத்தவரைத் தாண்டி அவளிடம் கேட்டார்:

"என்னம்மா, தினமும் விடியறதுக்கு முன்னாடி சத்தம் வராம நீங்களே இந்த இடம்வரைக்கும் தள்ளிட்டு வந்து, ஸ்டார்ட் பண்ணி ஒரே மூச்சுல மேடு ஏறிடுவீங்களே, இன்னைக்கு ஏன் ஐயாவை ஓட்ட விட்டீங்க?"