ஐம்பத்தொன்று புள்ளி மூன்று

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதன் பிறகு செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் தெருக்கோடி மெக்கானிக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடும் 'எண்டூரோ ஆற்றல் ஒப்பீட்டு மன்றம்'. அதன் செயலாளருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்ற பெருமிதத்தோடு இதை எழுதுகிறேன்.

எண்டூரோ என்பது காடு, மலை, சேறு, பாறை எதற்கும் அஞ்சாத மோட்டார் சைக்கிள். மன்றத்தில் அப்படி நான்கு இருக்கின்றன. மூன்று இன்றுவரை சேற்றைப் பார்த்ததில்லை; நான்காவது ஒரே ஒரு முறை பார்த்தது. சேறு ஒட்டினால் எடை கூடும் அல்லவா? உறுப்பினரான பல் டாக்டர் தன் வண்டியின் செயினைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறார். அவரிடம் வரும் நோயாளிகளுக்குக்கூட அத்தனை பொறுமை காட்டியதாகத் தகவல் இல்லை.

கொட்டகைத் தரையில் ஓர் உருளை உண்டு. வண்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டி ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கம்ப்யூட்டர் குதிரைத்திறனைச் சொல்லும். என் கணவருடையது ஐம்பத்தொன்று புள்ளி மூன்று. பல் டாக்டருடையது ஐம்பத்தொன்று புள்ளி ஆறு. அந்தப் புள்ளி மூன்று வித்தியாசத்தில் எங்கள் வீட்டில் எட்டு மாதமாக யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றலைக் கூட்ட முடியாவிட்டால் எடையைக் குறைக்கலாம் என்பது மன்றத்தின் தத்துவம். முதலில் ஹாரன் போனது. பிறகு கண்ணாடிகள், பிறகு பின்சீட், பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் மிதிகள். கழற்றிய ஒவ்வொன்றையும் மெத்தென்ற துணியில் சுற்றி, எடை எழுதிய சீட்டு ஒட்டி, என் புடவை அலமாரியில் அடுக்கினார். புடவைகள் பெட்டிக்குப் போயின. எனக்கு வருத்தமில்லை. புடவைகளுக்குக் குதிரைத்திறன் கிடையாது.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள். முதல் பிரசவம். அத்தான் கப்பலில் இருக்கிறார். வர இரண்டு மாதமாகும். "வலி ஆரம்பிச்சிடுச்சுடி. கைய புடிச்சிக்கிட்டு இருப்பேன்னு சொன்னியே, எங்க இருக்க?" என்றாள்.

அவள் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். மழையில் பாலம் போய்விட்டது. மிச்சமிருந்தது பதினோரு கிலோமீட்டர் மண்பாதை மட்டும். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

"ஏங்க, அக்காவுக்கு வலி வந்துடுச்சு. மண்பாதையில கொண்டுபோய் விடுங்க."

உருளை நின்றது. மன்றம் அவசரமாகக் கூடியது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க, உங்க எடை எவ்வளவு?" என்றார் பல் டாக்டர்.

"அறுபத்திரெண்டு."

"அப்போ ஒரு குதிரைக்கு ஒண்ணேகால் கிலோ கூடுது. எட்டு மாச உழைப்பும் போச்சே!"

"இறக்கிவிட்டதும் சரியாயிடும் டாக்டர்," என்றார் என் கணவர். அன்பான மனிதர்தான்.

டியூனிங் பொறுப்பாளரான மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், கீழ இருந்த பவரை எல்லாம் மேல தூக்கி வெச்சிருக்கேன். இன்ஜின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்துக்குக் கீழ சுத்தினா வண்டி இழுக்காது. மேல போனா பிடிச்சு நிறுத்த முடியாது. மேட்டுல எப்படின்னு... உருளையில மேடு இல்லையே சார்."

பின் மட்கார்டின் மேல் ஒரு தலையணையைக் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். கால் வைக்க இடமில்லாததால் இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டேன். ஊர் எல்லைவரை வண்டி சிங்கமாகப் போனது. முதல் மேட்டில் இருமி, நின்றது. என்னவர் முறுக்கினார். எட்டாயிரம் தாண்டியது. ஐம்பத்தொன்று புள்ளி மூன்று குதிரைகளும் ஒரே இடத்தில் சேற்றைப் பறித்தன. பின்சக்கரம் பாதிவரை புதைந்தது. என் முதுகிலும் தலையணையிலும் சேறு.

அவர் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம்.

"ஏம்மா, ஒன்றரை அடி தோண்டியிருக்கு! டாக்டர் வண்டி இந்த ஆழம் போகுமா?" என்று போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"அக்கா காத்துக்கிட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம், அளவு தெரியணும். உன் செருப்பைக் கழட்டி பக்கத்துல வை."

அப்போது சமையல் காஸ் கொண்டுபோகிறவர் வந்தார். பழைய வண்டி, இரண்டு பக்கமும் சிலிண்டர். ஹாரன் இருந்தது. அடித்தார்.

"என்ன சார், கிணறா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு சிலிண்டர் கணக்குதான் இருப்பீங்க. ஏறுங்கக்கா. சார், இதுங்கள கொஞ்சம் பாத்துக்குங்க, வந்து எடுத்துக்கறேன்." சிலிண்டர்களை என் கணவர் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

கிளம்பும்போது என் கணவர் ஆவலை அடக்க முடியாமல் கேட்டார். "இது எத்தனை குதிரைங்க?"

"தெரியலயே சார். பெட்ரோல் போட்டா போகும்."

போனது. முனகிக்கொண்டு, நிதானமாக, ஒரு இடத்தில்கூட நிற்காமல். எனக்குக் கால் வைக்க மிதியும் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியாடி?" என்று விளிம்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். என் மேலிருந்த சேற்றை அவள் பார்க்கவே இல்லை. மாலையில் பெண் குழந்தை பிறந்தது.

அவருக்குப் போன் செய்தேன். "மூணு கிலோ நூறு" என்றேன்.

"நல்ல எடை" என்றார் மதிப்போடு. பிறகு, "குறைக்க வேண்டாம்" என்றார்.

ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு போனில் அவர் குரல் துள்ளியது. "கேட்டியாம்மா? பின் மட்கார்டையும் கழட்டிட்டோம். பவரும் ஏத்தியாச்சு. ஐம்பத்தொன்று புள்ளி எட்டு! நான்தான் முதல்! மன்றத்துல பாராட்டுத் தீர்மானம் போட்டாங்க. பள்ளத்துக்குத் தனியா ஒரு தீர்மானம்!"

"சந்தோஷங்க. என்னைக் கூட்டிட்டுப் போக எப்ப வர்றீங்க?"

அவர் குரல் தாழ்ந்தது. "பாதை இன்னும் சேறா இருக்காமே. இப்பதான் கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன். கொஞ்சம் காயட்டுமே?"

இத்தகைய அர்ப்பணிப்பை எப்படிப் பாராட்டாமல் இருப்பது? ஹாரன் முந்நூறு கிராம். கண்ணாடிகள் நானூறு. கால்மிதிகள் ஒன்றரைக் கிலோ. எல்லாம் மெத்தென்ற துணியில், சீட்டு ஒட்டி, அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவர் கழற்றியவற்றில் மிகக் கனமானது அறுபத்திரண்டு கிலோ. அதை மட்டும்தான் மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டார்.