பூஜ்யம் மில்லிமீட்டர்

‘நேற்றைய மழை: பூஜ்யம்’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார் கோதண்டராமன். பேனாவிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

விடிய விடியப் புயல் மழை. வேங்கிக்கால் சாலையில் முழங்காலளவுத் தண்ணீரில் நடந்துதான் அலுவலகம் வந்திருந்தார். ஆனால் தோட்டத்து மழைமானிக்குள் ஒரு சொட்டு இல்லை.

தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளந்து சென்னை வானிலை அலுவலகத்துக்குச் சொல்வதுதான் அவர் வேலை. சேர்ந்து பதினொரு நாள். தப்பாகச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள்.

“ஓட்டையா இருக்கும் சார்” என்றாள் டைப்பிஸ்ட் அன்புச்செல்வி.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஊற்றியதை மொண்டு எடுப்பதற்குள் மணி ஒன்பது.

“பக்கத்துல செங்கத்துல எவ்ளோன்னு கேளுங்க. அதையே சொல்லிடலாம்” என்றாள் அன்புச்செல்வி.

செங்கத்தில் தொண்ணூறு. மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, சென்னைக்குப் போன் போட்டார்.

“தொண்ணூறு மில்லிமீட்டர் சார்.”

“தொண்ணூறா? உங்க ஆபீஸ்ல புயல் மழையே விழாதே! தொண்ணூத்தி மூணாம் வருஷப் புயல்ல பூஜ்யம், தொண்ணூத்தி ஆறாம் வருஷப் புயல்லயும் பூஜ்யம். மலை மழையை மறிக்குதுன்னு இங்க ஒருத்தர் ஆராய்ச்சியே பண்றார். பொய்க் கணக்கா சொல்றீங்க?”

கோதண்டராமன் அவசரமாக மாற்றிச் சொன்னார். “மன்னிக்கணும் சார். பூஜ்யம்தான்.”

“ஒரே நிமிஷத்துல தொண்ணூறு மில்லிமீட்டர் எங்கய்யா போச்சு? சாயந்திரம் நேர்ல வர்றோம். விளக்கம் எழுதி வைங்க.”

பழைய பதிவேட்டைப் புரட்டினார். தூறலுக்கெல்லாம் இரண்டு, மூன்று என்று ஒழுங்காக இருந்தது. புயல் நாட்களில் மட்டும் பூஜ்யம். தோட்டத்துக்கு ஓடிப்போய் மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அண்ணாமலையாரே இந்த மானிக்கு மட்டும் குடை பிடிக்கிறாரா? அழுகையே வந்துவிட்டது.

அலுவலகத்தைப் பெருக்கும் திரௌபதி துடைப்பத்தோடு வந்தாள்.

“இன்னா சார், தலைல கை வெச்சிக்கினு நிக்கறீங்க?”

“ஊரெல்லாம் பெஞ்ச மழை இதுக்குள்ள மட்டும் விழலம்மா. என் வேலையே போயிடும் போலக்கீது.”

திரௌபதி பெருமையாகச் சிரித்தாள்.

“எப்டி சார் வியும்? புயல்னு ரேடியோல சொன்னாலே, கவர்மெண்டு சாமான் நனைஞ்சிடப் போவுதுன்னு சாயந்திரமே இதும்மேல பக்கெட்ட கவுத்து, அதும்மேல கல்ல வெச்சிட்டுப் போயி, காலைல வந்து எடுக்கறேனே, அஞ்சு வருஷமா!”