நோட்டில் அடித்த வெயில்

அதிகம் பேசாதவனைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. வாயையே திறக்காதவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் என் பிழைப்பு பல வருடம் ஓடியது. உண்மையில் நான் பேசாததற்குக் காரணம் நேர்மை அல்ல, கூச்சம். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அவர் இறங்கும் ஊர் வரும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகு காலை எடுத்துக்கொள்கிற ஆள் நான். பொய் சொல்ல வாய் வேண்டியதில்லை, ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும் என்பதை எனக்கு நாற்பது வயதானபோது கண்டுபிடித்தேன். அதை மற்றவர்களும் முப்பது பேருக்கு முன்னால் கண்டுபிடித்ததுதான் தப்பாகப் போயிற்று.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் கார் டிரைவராக இருக்கிறேன். முதலாளி நல்ல மனிதர். குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை. ஒரே ஒரு பழக்கம், கோல்ஃப். உப்பளங்களைத் தாண்டி ஒரு கம்பெனிக் குடியிருப்புக்குள் ஒன்பது குழி வெட்டி ஒரு மைதானம் உண்டு. பாதி புல், பாதி மணல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் ஒரு கேப்டனிடம் தோற்றுவிட்டு வருவார். கேப்டன் காயல்பட்டினத்துக்காரர். கப்பலிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் கட்டிடத்திலேயே கப்பல் சரக்கைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஆபீஸ் வைத்திருந்தார்.

முதலாளி தோற்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. தோற்றதற்கு அவர் காரணம் சொல்வார், அதுதான் பெரிய பாடு. ஒரு வாரம் முழங்கால். ஒரு வாரம் புது ஷூ. ஒரு வாரம் அடிக்கிற நேரம் பார்த்துக் கத்திய காகம். பங்குனி மாதம் ஒரு ஞாயிறு, பந்தையே காரணமாகச் சொன்னார்.

“பந்து வெந்து போச்சு கேப்டன். எப்பவும் கார் டிக்கியிலயே கெடக்குல்லா? நம்ம ஊரு வெயில்ல உள்ள இருக்க ரப்பர் செத்துரும். அடிச்சா எழும்ப மாட்டேங்கு.”

“பந்து என்ன இட்லியா அண்ணாச்சி, வேகுறதுக்கு? சூடான பந்து இன்னும் நல்லால்லா பறக்கும்.”

“அது அன்னைக்கு ஒரு நாள் சூடு. நான் சொல்லுதது மாசக்கணக்குல கெடந்து கெட்டுப்போறது.”

“கெட்டுப்போனது பந்து இல்ல அண்ணாச்சி. உங்க கை.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அங்கேயே ஒரு சோதனை முடிவாயிற்று. ஒரே மாதிரி இரண்டு பெட்டிப் புதுப் பந்து வாங்குவது. ஒரு பெட்டி முதலாளி வீட்டு ஏசி அறையில், பீரோவுக்குள். இன்னொன்று கார் டிக்கியில், கத்திரி வெயில் முடியும்வரை. பிறகு நான்கு பேர் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பது. டிக்கிப் பந்து கெட்டிருந்தால் கேப்டன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும். கெடாமல் இருந்தால், முதலாளி இனிமேல் தோற்றால் ஆயுசுக்கும் காரணம் சொல்லக்கூடாது. (சோறு சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.)

“வண்டி வெயில்லதான் நின்னுச்சுன்னு யாரு சாட்சி?” என்றார் கேப்டன்.

“எங்க சண்முகம் சாட்சி. அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல.” (நான் பேசியே அவர் அதிகம் கேட்டதில்லை.)

பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “சண்முகம், இனிமே காலையில ஒம்போதுலேருந்து அஞ்சு வரைக்கும் வண்டி வெயில்லதான் நிக்கணும். நெதமும் ஒரு நோட்டுல எழுதி வை.”

தலையாட்டினேன். அவர் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று டிரைவர்களுக்குத்தான் தெரியும். டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுவது ஒரு மணி நேரம். மீதி எட்டு மணி நேரம் நிழல் பிடிப்பதுதான் வேலை. எங்கள் ஆபீஸ் தெருவில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் மூன்று கார் நிற்கலாம். காலையில் எட்டு மணிக்கு முன்னால் வந்தவனுக்கு இடம். பத்து மணிக்கு நிழல் எங்கே விழும், மூன்று மணிக்கு எங்கே நகரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேறு எதிலும் யாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. நிழல் பிடிப்பதில் சொன்னார்கள்.

முதல் நாள் எதிர்ப்பக்கம் மொட்டை வெயிலில் காரை நிறுத்தினேன். கேப்டனின் டிரைவர் அந்தோணி மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். பெரியதாழைக்காரன். அலைச்சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

“ஏலே சம்முவம், கண்ணு தெரியலயா? மரம் இங்கன இருக்கு.”

சிரித்து வைத்தேன்.

“மொதலாளியோட சண்டையாலே? இல்ல டிக்கியில கருவாடு காயப் போட்டிருக்கியா?”

பந்தை வேகவைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மறுபடியும் சிரித்தேன். மூன்றாம் நாள், நான் ஏதோ நேர்த்திக்கடன் கழிப்பதாகத் தெருவில் பேச்சு வந்துவிட்டது. “ஊர்ல அலகு குத்துவானுவ, தீ மிதிப்பானுவ. இவன் காரை வெயில்ல போடுதான்” என்று அந்தோணி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் என்னிடம், எந்தக் கோயில் என்று மரியாதையாகக் கேட்டார்.

நான்கு நாள் தாங்கினேன். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. முன்னால் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் பசை இளகி மல்லாந்து படுத்துவிட்டார். ஐந்தாம் நாள் மரத்தடியில் நடு இடம் காலியாக இருந்தது. தெருவிலேயே நல்ல இடம் அது. டீ குடிக்கிற நேரம் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த டீ ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது.

முதலாளி வென்றாக வேண்டுமென்றால் அந்தப் பந்துகள் கெட்டுப்போக வேண்டும். இது என் மண்டையில் அப்போது ஏறவே இல்லை. பந்து நல்லபடியாக இருப்பது முதலாளிக்கு நல்லதுதானே என்றுகூட மனதைத் தேற்றிக்கொண்டேன். கடல் காற்று, மர நிழல், மேலே குயில். முதலாளியின் படுக்கையறையைவிட என் டிக்கி சொகுசாக இருந்தது.

சாயங்காலம்தான் சிக்கல். அவர் ஏறும்போது வண்டி கொதிக்க வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். காரில் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. அந்தத் திருகை நான் அதுவரை சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. தினமும் நாலே முக்காலுக்கு வண்டியை வெயிலில் நகர்த்தி, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். முதலாளி வந்து கதவைத் திறந்தால் அனல் அடிக்கும். நான் கிணற்றில் விழுந்து எழுந்தவன்போல இருப்பேன்.

“பாவம்ப்பா நீ” என்பார். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி நுங்கு வாங்கித் தருவார். என் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொல்வார். நுங்கு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுவென்று இருக்கும். ஆனாலும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. (சொல்லக் கூச்சம்.)

அடுத்தது நோட்டு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் கையெழுத்து நடக்காது, நொண்டும். ஒரு வரி எழுத உட்கார்ந்தால் கை பழகவே கால் மணி நேரம் ஆகும். பழகிய கையை ஒரே வரியோடு நிறுத்துவது வீண் என்று தோன்றியது. அதனால் கை ஓடும்போது ஒரு வாரத்துக்குச் சேர்த்து எழுதிவிடுவேன். திங்கள், 9 முதல் 5, வெயில். செவ்வாய், 9 முதல் 5, வெயில். இப்படியே பக்கம் முழுக்க வெயிலாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. அங்கங்கே கொஞ்சம் கைச்சரக்கையும் சேர்த்தேன். புதன், அனல் காற்று. வியாழன், லேசான மேகம், அப்புறம் வெயில். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

சோதனை ஞாயிறு வந்தது. டிக்கிப் பந்துகளுக்குச் சிவப்புப் புள்ளி, பீரோப் பந்துகளுக்கு நீலப் புள்ளி. நான்கு பேர் அடித்தார்கள். சிவப்பும் நீலமும் ஒரே தூரத்தில் விழுந்தன. கடைசியாக முதலாளி ஒரு அடி அடித்தார். அப்படி ஒரு அடியை அவர் அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை. பந்து வேலியைத் தாண்டி உப்பளத்துக்குள் போய் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, “அது என்ன கலர்?” என்று கேட்டார். சிவப்பு என்றார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான், ரொம்பத் தாமதமாக, எனக்கு விஷயம் விளங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

டீயும் வடையும் வைத்திருந்த ஹாலில் முப்பது பேர் கூடினார்கள். முதலாளி எழுந்து நின்றார்.

“நான் சொன்னது தப்பு. இத்தன நாள் நம்ம ஊரு வெயில்ல கெடந்தும் பந்துக்கு ஒண்ணும் ஆகல. இனிமே நான் தோத்தா காரணம் சொல்ல மாட்டேன். இதுல என்னைவிடக் கஷ்டப்பட்டது எங்க டிரைவர்தான். சண்முகம், உள்ள வா.”

உள்ளே போனேன். எனக்காகக் கை தட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட யாரும் கை தட்டியதில்லை. நோட்டு கைமாறிக் கைமாறிக் கேப்டனிடம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து ரசித்தார். பக்கத்தைத் திருப்பினார். சத்தம் நின்றது.

“தம்பி, இன்னைக்கு என்ன கெழமை?”

“ஞாயிறு சார்.”

“நோட்டுல சனிக்கிழமை வரைக்கும் இருக்கே.”

“நேத்து சனிக்கிழமை சார்.”

“அது போன பக்கத்துல இருக்கு. இது வரப்போற சனிக்கிழமை.” நோட்டை உயர்த்திப் பிடித்துப் படித்தார். “வியாழன், லேசான மேகம், அப்புறம் வெயில்.”

ஹால் முழுக்க ஒரே நேரத்தில் சிரித்தது. கேப்டன் விடவில்லை. “போன புதன்கிழமை மழையில துறைமுகத்துல சரக்கே எறக்கல. இங்க அனல் காத்துன்னு போட்டிருக்கு. ஏ அந்தோணி, இவர் வண்டி தெனமும் எங்க நின்னுச்சு?”

அப்போதுதான் வடையோடு வாசலுக்கு வந்த அந்தோணிக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் புகழ நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தான். “மரத்தடியிலதான் சார். மொத நாலு நாள்தான் கிறுக்கு புடிச்சாப்புல வெயில்ல போட்டான். அதுக்கப்புறம் நெதமும் எனக்கு முன்னால வந்து எடத்தப் புடிச்சிருவான். நிழல் புடிக்கிறதுல சம்முவத்த அடிக்க ஆள் கெடையாது.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஹாலில் நான் நின்ற இடத்தில் ஒரு தரைக்கல்லின் மூலை உடைந்திருக்கும். இன்றைக்கும் படம் போட்டுக் காட்டுவேன்.

“அப்போ இந்தச் சோதனை செல்லாது அண்ணாச்சி” என்றார் கேப்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உங்க வாக்கைத் திரும்ப எடுத்துக்கோங்க.”

முதலாளி டீயை ஒரு மடக்குக் குடித்தார். “சொன்னது சொன்னதுதான் கேப்டன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பும்போது, உப்பளம் முடிகிற இடத்தில் முதலாளி கேட்டார்.

“நெதமும் அப்படி வேர்த்துக் கெடந்தியே. அது என்னது?”

“ஹீட்டர் சார்.”

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “தூத்துக்குடியில ஹீட்டர் போட்ட மொத ஆளு நீயாத்தான் இருப்ப.” அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு நுங்குக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அந்தோணி அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து, என் மனைவிக்கும் மகளுக்கும் முழுதையும் நடித்துக் காட்டிவிட்டுப் போனான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் வானத்தில் லேசான மேகம் வந்தது, அப்புறம் வெயில் அடித்தது. என் மகள் தெருவில் போய் நின்று வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் வத்தல் போடுவதென்றாலும் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதென்றாலும் எனக்குப் போன் வருகிறது. “மாமா, அடுத்த வாரம் எப்படி எழுதி வச்சிருக்கீங்க?” போன மாதம் கயத்தாறிலிருந்து, நான் பார்த்தே இராத ஒரு சம்பந்தி கேட்டார்.

கோல்ஃப் பந்து வெயிலில் கெடுமா கெடாதா என்பது தூத்துக்குடியில் இதுவரை யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தவன் நான்.

முதலாளி வாக்கைக் காப்பாற்றினார். அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஞாயிறுதோறும் தோற்றுவிட்டு வந்து பின்சீட்டில் உட்காருவார். வாய் லேசாகத் திறக்கும். ஏதோ சொல்ல வருவார். பிறகு மூடிக்கொள்வார். மூன்று மாதம் அதைக் கண்ணாடியில் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிறு, ரொம்ப மோசமாகத் தோற்று வந்தார். நான், யாரும் கேட்காமல் வாயைத் திறக்காத நான், ரோட்டைப் பார்த்தபடியே பேசிவிட்டேன்.

“இன்னைக்குக் காத்து ரொம்ப அதிகம் சார்.”

பின்னால் சீட்டில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“இத நான் சொல்லல சண்முகம். நீதான் சொல்லுத.”

“நான்தான் சொல்லுதேன் சார்.”

“அந்த நாலாவது குழியில?”

“அங்கதான் சார் ரொம்ப.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரணம் சொல்வது என் வேலையாகிவிட்டது. சனிக்கிழமையே யோசித்து வைத்துக்கொள்கிறேன். காற்று அதிகம் என்று நான் சொன்ன அந்த முதல் ஞாயிறு, மைதானத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.