பெரியப்பா போயிட்டார்

புதன்கிழமை காலை பத்து இருபதுக்குப் பெரியப்பாவின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிட்டது.

துணைமின் நிலையத்தின் ஷிப்ட் இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முள்ளை மறுபடியும் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. அவருக்கு அங்கே 'நிதானம்' என்று பெயர். பத்தொன்பது வருட வேலையில் அவர் குரலை உயர்த்தியதில்லை, மெமோ வாங்கியதில்லை. அடுத்த மாதம் பதவி உயர்வு. அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் அதுவரை எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

பெரியப்பா என்பது முற்றத்தில் நிற்கும் நூறு டன் டிரான்ஸ்ஃபார்மர். போன வெள்ளிக்கிழமை வரை அதை எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நம்பத்தகுந்த ரகசியத் தகவல் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கப் போகுது. எதுன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றார். சொல்லி முடிக்கும்வரை முற்றத்தில் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே நாடு முழுவதும் உஷார் நிலை அறிவிக்கப்பட்டது. நிலையத்துக்குப் பன்னிரண்டு சிப்பாய்களும் ஒரு பட்டியலும் வந்தன. மின் சாதனங்களின் பெயரை இனிமேல் போனில் சொல்லக் கூடாது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பெரியப்பா. சின்னது சித்தப்பா. மின்சாரம் கொண்டுவந்து கொடுக்கும் லைன் மாமனார். வாங்கிக்கொண்டே இருக்கும் லைன்களெல்லாம் மாப்பிள்ளைகள். தொடர்பைத் துண்டிக்கும் பிரேக்கர் மாமியார். பட்டியலைத் தயாரித்தவர் கல்யாணமானவர் என்று நிதானத்துக்குப் புரிந்துவிட்டது.

"எதிரியோட மொழியில இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தைதான் இருக்காம். மொழிபெயர்க்கறவன் குழம்பியே செத்துடுவான்," என்றார் அதிகாரி பெருமையாக. "ஆனா ஒண்ணு. போன்ல இதை யாருக்காவது விளக்கிச் சொன்னீங்க, அன்னைக்கே சஸ்பென்ஷன்."

போகும்போது ஒரு பெண்ணைப் போன் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லாப் பேச்சையும் எழுதுவதும், பெரியப்பா, சித்தப்பாவின் நிலைமையைக் கன்ட்ரோல் ரூமுக்கு உடனுக்குடன் சொல்வதும் அவள் வேலை. நேரில் யாரிடமும் அவள் பேசியதில்லை. டீ குடிக்கும்போதும் ஒரு காதைத்தான் விடுவித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிதானமும் பன்னிரண்டு சிப்பாய்களும் மாலை வரை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அது வெடிக்கவில்லை. ஆபத்து ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று மேலிடம் அறிவித்தது.

அவருடைய மனைவி அன்று தனியாகவே விருந்துக்குப் போய்விட்டு வந்தாள். விருந்து அவளுடைய சொந்தப் பெரியப்பா வீட்டில். பெரிய ஜெனரேட்டர் கம்பெனியின் முதலாளி அவர். கோபம் வருவதற்கு முன்னால் அவரிடமிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் கிளம்பும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைக் குடும்பத்தில் யாரும் இரண்டாவது முறை பார்க்க விரும்பியதில்லை. அன்று அவளுடைய தம்பி, பெரியப்பாவின் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஷேர் புரோக்கர் ஆபீஸில் சேர்ந்த விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். ஜன்னல் கண்ணாடி ஒன்றில் விரிசல் விழுந்தது.

வீட்டுக்கு வந்த மனைவியிடம் நிதானம் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தாள். ஏன் என்றதற்குக் குளிர் என்றாள்.

திங்கட்கிழமை பங்குச் சந்தை திறந்ததும் எல்லாப் பங்குகளும் விழுந்தன. கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் பெரியப்பாவின் ஜெனரேட்டர் கம்பெனிப் பங்கு மட்டும் ஏறியது.

புதன்கிழமை நிலைமை அப்படித்தான் இருந்தது. நிதானம் போனை எடுத்தார்.

"கன்ட்ரோல் ரூமா? பெரியப்பாவுக்கு முடியலை. உடம்பு கொதிக்குது."

"முனகுறாரா?"

"காலையிலேருந்து ஒரே முனகல்."

"அப்ப இழுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். முடிச்சு விட்டுடுங்க. பாரத்தையெல்லாம் சித்தப்பா ஏத்துக்கட்டும்."

நிதானம் சுவிட்சைத் திருப்பினார். முற்றத்தில் சத்தம் அடங்கியது.

"பெரியப்பா போயிட்டார். மணி பத்து இருபத்தாறு."

"சரி. சாயங்காலம் ஆளுங்க வருவாங்க. திறந்து பார்த்துட்டு உள்ள என்ன கோளாறுன்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க."

ஊழியர் குடியிருப்பில் நிதானத்தின் வீட்டுப் போன், நிலையத்துப் போனின் கிளை. இரண்டுக்கும் ஒரே நம்பர்; அங்கே பேசுவது இங்கே கேட்கும். மத்தியானம் சாப்பிட வருவாரா என்று கேட்பதற்காக மனைவி அப்போதுதான் அதை எடுத்திருந்தாள். நிதானத்துக்குப் பெரியப்பா கிடையாது, அவருடைய அப்பாதான் அந்த வீட்டில் மூத்தவர். ஆக, போனது யாருடைய பெரியப்பா என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் போனை வைத்த மறுநிமிஷம் அதே லைனில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பெரியப்பா போயிட்டார்டா! அத்தான் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தார். அறுத்துப் பார்க்க வேற போறாங்களாம்!"

தம்பி புரோக்கர் ஆபீஸின் நட்டநடுக் கூடத்தில் "ஐயோ, பெரியப்பா!" என்று அலறினான். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய திட்டுதான் கடைசியா என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகை நிஜம். அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

"எந்தப் பெரியப்பா? ஜெனரேட்டர் பெரியப்பாவா?" என்று கேட்டார் புரோக்கர். அவன் தலையாட்டினான். அவர் ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தார். பத்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் பங்கும் விழத் தொடங்கியது.

நிலையத்தில் போன் மணி அடித்தது.

"என்னங்க, ஊர்ல எல்லாருக்கும் சொல்றீங்க. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"என்னத்தை?"

"பெரியப்பா போனதை!"

நிதானம் போன் அறைப் பக்கம் பார்த்தார். விளக்கிச் சொன்னால் சஸ்பென்ஷன். "இதோ பாரு. அந்தப் பெரியப்பா வேற, இந்தப் பெரியப்பா வேற."

"எனக்கு இருக்கறது ஒரே ஒரு பெரியப்பா."

"அதான் சொல்றேன். இவர் உனக்குப் பெரியப்பா இல்லை."

"செத்த அன்னைக்கே உறவை அறுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அடுத்து மைத்துனன். "அத்தான், மறைக்காதீங்க. என்ன ஆச்சு?"

"தம்பி, நான் எதுவும் சொல்லக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

"மேலிடம்னா? அரசாங்கமா?"

"அதையும் சொல்லக் கூடாது."

மைத்துனன் அதைப் புரோக்கரிடம் அப்படியே சொன்னான். ஜெனரேட்டர் அதிபரின் மரணத்தை அரசாங்கம் மறைக்கிறது. அப்படியென்றால் அது சாதாரண மரணமில்லை. பதினொன்றரை மணிக்குள் வங்கிப் பங்கு, சிமென்ட் பங்கு, சோப்புப் பங்கு எல்லாம் தரையைத் தொட்டன. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

மறுபடியும் மனைவி. இந்தத் தடவை அழுகை.

"பெரியப்பா வீட்ல யாரும் போனை எடுக்கலை. நாங்க எல்லாரும் அங்க கிளம்பறோம். நீங்க வரீங்களா, இல்லையா?"

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக நிதானம் கத்தினார். "யாரும் எங்கயும் கிளம்ப வேண்டாம்! பெரியப்பா உயிரோட இருக்கார்! கல்லு மாதிரி இருக்கார்! எவ்வளவு பாரம் வேணும்னாலும் ஏத்துங்க, தாங்குவார்!"

மனைவி நம்பவில்லை. போன் அறைப் பெண் நம்பினாள். வரி பிசகாமல் எழுதிக்கொண்டு, கன்ட்ரோல் ரூமுக்கு அதை வாசித்தும் காட்டினாள். சித்தப்பா ஒண்டியாகத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கன்ட்ரோல் ரூம், அங்கிருந்தபடியே பெரியப்பாவை எழுப்பி, பாதி நகரத்தின் பாரத்தைத் தலையில் ஏற்றியது.

பெரியப்பா ஒரு தடவை பெருமூச்சு விட்டார். மாமியார் டமார் என்று குறுக்கே வந்து எல்லாவற்றையும் துண்டித்தாள். அந்த அதிர்ச்சியில் சித்தப்பாவும் போனார். பன்னிரண்டு சிப்பாய்களும் குப்புறப் படுத்தார்கள்.

பாதி நகரம் நின்றுவிட்டது. பங்குச் சந்தைக் கட்டடம் அந்தப் பாதியில் இருந்தது. விற்கத் துடித்தவர்கள் விற்க முடியாமல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். 'நகரம் இருண்டது, ஜெனரேட்டர் அதிபர் மர்ம மரணம், இரண்டுக்கும் தொடர்பா?' என்று கேட்டது மாலைப் பத்திரிகை.

ஜெனரேட்டர் கம்பெனியில் இயக்குநர்கள் அவசரமாகக் கூடி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். தாமதமாக உள்ளே வந்த பெரியப்பாவும், யாருக்கு என்று கேட்பது மரியாதையில்லை என்று கூடவே நின்றார். மேஜைமேல் இருந்த மலர்வளையத்தில் தன் பெயரைப் படித்த பிறகுதான் முனகல் கிளம்பியது. இயக்குநர்களிடம் பஞ்சு இல்லை.

மறுநாள் காலை நிலையத்திலேயே விசாரணை நடந்தது. பாதுகாப்பு அதிகாரியின் முன்னால் சஸ்பென்ஷன் உத்தரவு, டைப் செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கிடந்தது. நிதானம் நின்றுகொண்டிருந்தார். இரவு முழுக்கத் தூங்கவில்லை. வேலை போனால் குடியிருப்பும் போகும். மனைவி அழுது வீங்கிய முகத்தோடு அவர் பக்கத்தில் நின்றாள். மூலையில் காதுக் கருவிப் பெண் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் தொண்டையையே கவனித்தார்கள். முனகல் இல்லை. நகரம் இருண்டதிலிருந்து அவர் கம்பெனிக்கு இரண்டு வருடத்துக்கான ஆர்டர் வந்து குவிந்திருந்தது.

"மாப்பிள்ளை மேல தப்பில்லை," என்றார் அவர். "உத்தரவு என்னவோ அதைத்தான் பண்ணியிருக்கார். கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாத மனுஷன். தப்பு எங்கன்னா, யாரோ உட்கார்ந்து எழுதின அந்தப் பட்டியல்ல."

பட்டியலை உட்கார்ந்து எழுதிய அதிகாரி யோசித்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டால் காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பட்டியலையும் இணைக்க வேண்டும். அவர் காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

"உஷார் நிலை இன்னையோட முடியுது. நடந்தது தொழில்நுட்பக் கோளாறு. உங்க பதவி உயர்வுக்கு நானே சிபாரிசு பண்றேன்."

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பெரியப்பா எழுந்து வந்து நிதானத்தின் மனைவியின் தலையில் கை வைத்தார். "எனக்காக இந்தப் பொண்ணு நேத்து முழுக்க அழுதிருக்கு பாருங்க. என்னைக் கண்டா எல்லாரும் பயப்படறாங்க, எனக்குத் தெரியும். பின்னாடி என்ன பேசிக்கறாங்களோ, யாரு கண்டா? மனசார மதிக்கறது இவ ஒருத்திதான்."

"அப்படியெல்லாம் இல்லை பெரியப்பா," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தக் குரலைக் கேட்டதும் மூலையில் இருந்த பெண் நிமிர்ந்தாள். ஆறு நாளில் முதல் முறையாக இரண்டு காதுகளையும் விடுவித்துக்கொண்டு, ஃபைலின் முதல் பக்கத்தோடு எழுந்து வந்தாள்.

"மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விவரம் பாக்கி, சார். நமக்கு முதல்ல வந்த ரகசியத் தகவலோட டேப் இன்னைக்குக் காலையிலதான் என் கைக்கு வந்தது. போன வியாழக்கிழமை இந்த நம்பர்லேருந்து பேசினது இந்த அம்மா குரல்தான்: 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கப் போகுது, எல்லாரும் மறக்காம காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வந்துடுங்க.'"