பாலத்தடியில் வெறுங்கால்

"இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பாலத்தடியில ஒரே ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் நான் மீசையை எடுத்துடறேன்!" என்று என் வீட்டுக்காரர் சபதம் செய்தார்.

மீசை போனால் வளரும். எனக்குப் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அதிகாலையில் முதல் ஷிஃப்ட். பஸ் ஓட ஆரம்பிக்காத நேரம். சைக்கிளில் போகிறேன் என்றாள். கால்வாய் ஓரமாகப் போகிற சைக்கிள் பாதை, நடுவில் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறது. என் உயிர் அங்கேதான் மாட்டிக்கொண்டது. பகலிலேயே வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் கண் தெரியாது. கண் தெரியாத அந்த இடத்தில்தான் வளைவு. வளைவில் உடைந்த பாட்டில், சுருண்ட கம்பி, ஈர மண். போன மாதம் எங்கள் தபால்காரர் அங்கே சறுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். இப்போதும் எங்கள் தெருவுக்குக் கடிதமெல்லாம் இடது கையால்தான் வருகிறது.

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனபின், பார்த்தேனா என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பாலமும் ஒரு மகளும் சேர்ந்தால் தூக்கம் எப்படி வரும்?

என் வீட்டுக்காரருக்கு நன்றாக வரும். அவர் சோபா விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களுக்கு உட்கார்ந்து காட்ட வேண்டும். அவர் உட்காருகிற அழகைப் பார்த்தே சோபா விற்றுப்போகிறது என்று முதலாளி சொல்வாராம். தொழிலில் அவ்வளவு பக்தி. வீட்டுக்கு வந்தும் பயிற்சியை விடுவதில்லை.

அவர்தான் பாதையைச் சுத்தம் செய்யும் தொண்டர்களோடு சேர்ந்துகொண்டார். இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர்தான் அதற்குத் தலைவி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஊரே அவரை விசிலம்மா என்று கூப்பிடும். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். இவர் பாலத்தடித் துண்டைக் கேட்டு வாங்கியிருந்தார்.

ஞாயிறு காலை கையுறையோடு போனவர், மத்தியானம் வந்து சோபாவில் சாய்ந்தார்.

"அப்பப்பா! இடுப்பே கழண்டு போச்சு."

"சில்லெல்லாம் பொறுக்கியாச்சா?"

"பொறுக்கியாச்சு."

"அந்தக் கம்பி?"

"இழுத்துப் போட்டாச்சு."

"வளைவுல ஈர மண்?"

"சுரண்டியாச்சுடி! தரை இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு."

"ஐயோ, கண்ணாடின்னு சொல்லாதீங்க!"

அவர் குளிக்கப் போனார். வாசலில் விசிலம்மா வந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? நடக்காமலே வந்துட்டாரே."

"நடக்கறதா?"

"எங்க வழக்கம் அது. துடைப்பத்தை நான் நம்ப மாட்டேன், காலைத்தான் நம்புவேன். யார் எந்தத் துண்டைச் சுத்தம் பண்ணினாங்களோ அவங்க அதுல வெறுங்காலோட நடந்து காட்டணும். எல்லாரும் நடந்தாச்சு. பாலத்தடி மட்டும் பாக்கி."

"அவர் சுத்தம் பண்ணினாரா?"

விசிலம்மா தொண்டையைச் செருமினார். "மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்து எங்களையெல்லாம் நல்லா உற்சாகப்படுத்தினாரும்மா."

கையுறையை எடுத்துப் பார்த்தேன். கடையில் இரண்டையும் சேர்த்துக் கோத்த பிளாஸ்டிக் இழைகூட அறுபடவில்லை. விடிந்தால் பிள்ளை அந்த வளைவில் திரும்புவாள்.

கத்தியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து கத்தித்தான் பார்க்கிறேன். என் தொண்டை கெட்டதே தவிர அவர் அசையவில்லை. அதனால் விசிலம்மாவோடு இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, சோறு போட்டேன்.

"ஏங்க, எனக்கு ஒரே படபடப்பா இருக்கு. சாயங்காலம் நான் அந்தப் பாலத்தடியில வெறுங்காலோட நடந்து பார்க்கப் போறேன்."

கவளம் பாதி வழியில் நின்றது.

"என்னது?"

"என் கால்ல குத்தலைன்னா அவ டயர்லயும் குத்தாதுல்ல? அப்பதான் ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்."

"பைத்தியமா உனக்கு? உடம்புல சர்க்கரையை வச்சுக்கிட்டு! கால்ல சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே! வீட்டுக்குள்ளயே செருப்புப் போட்டு நடக்கறவ நீ!"

"கீறல் எப்படிங்க விழும்? நீங்கதான் எல்லாத்தையும் பொறுக்கிட்டீங்களே."

"பொறுக்கிட்டேன்... இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

"ஒண்ணுமில்ல. ரசம் கொஞ்சம் காரம்."

அன்று நான் ரசமே வைக்கவில்லை.

சாப்பிட்டதும் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் முகத்துக்கு நேரே அவர் கையை ஆட்டிப் பார்த்தார். அந்தக் காற்று பட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பின்கதவு மெதுவாகத் திறந்து மூடியது. இத்தனை வருடத்தில் அவர் மத்தியானத் தூக்கத்தை விட்டது அன்றுதான்.

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? எனக்குப் பயம் இரண்டாகிவிட்டது. அவருக்குக் கண் பார்வை சுமார். இருட்டில் கம்பி காலைச் சுற்றினால்? சில்லு உள்ளங்கையைக் கிழித்தால்? ஏதாவது சைக்கிள் வேகமாக வந்து இடித்தால்? தூரத்தில் ரயில் பாலத்தைக் கடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஓடிப் போய்ப் பார்க்கலாமா என்று செருப்பை மாட்டினேன். கழற்றினேன். போனால் அவர் பொய் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தால் வேலையும் நின்றுவிடும்.

சாயங்காலம் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். விசிலம்மா முன்னாடியே வந்திருந்தார். பாலத்தடியில் என் வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து நின்றார். மூக்கில் கரி, சட்டையில் சேறு, கையுறையில் இரண்டு ஓட்டை. தரையில் தூசுகூட இல்லை. ஓரமாக ஒரு மூட்டை சில்லும் கம்பியும்.

"சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு ராஜா மாதிரி கையை நீட்டி, "ம், நட!" என்றார்.

"நான் எதுக்கு நடக்கணும்? சுத்தம் பண்ணினவர்தானே நடக்கணும்? என்னங்க டீச்சர்?"

விசிலம்மா விசிலை ஊதினார்.

அவர் செருப்பைக் கழற்றி, நெருப்பில் இறங்குகிறவர் மாதிரி ஒரு விரலை வைத்தார். நான் மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வளைவில் அவர் "ஆ!" என்றதும் என் உயிர் போய்விட்டது.

"என்னப்பா?" என்று மகள் கத்தினாள்.

"தரை ஜில்லுன்னு இருக்கு!"

அந்தக் கடைசிவரை நடந்து, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். மகள் சைக்கிளை ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சு விட்டேன்.

"இனிமே இந்தத் துண்டு உங்களுக்குத்தான் சார். வாராவாரம்" என்றார் விசிலம்மா.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "உங்கிட்ட மறைப்பானேன்? காலையில கொஞ்சம் அசதி, வேலையை மத்தியானம்தான் முடிச்சேன். நீ குறட்டை விட்டுட்டிருந்தே, உனக்கு எங்க தெரியப் போகுது! என் நல்ல நேரம், பின்கதவைத் திறந்தா கண்ணு முன்னாடி நீளத் துடைப்பம், முறம், சாக்கு எல்லாம் தயாரா இருந்துது."

"இருக்காதா பின்னே?" என்றேன். "நானும் டீச்சரும்தானே கொண்டுவந்து வச்சோம்."