புல்லும் புடுங்கப்படாத காணி

தண்ணீரூற்று ஊரில் ஒரு அரை ஏக்கர் காணி. ஒரு தகப்பன் தன்ரை இரண்டு பிள்ளைகளுக்கு விட்டுப்போனது. அக்கா பத்மாசனி அதை நிஸாருக்கு விற்றா. அதே கிழமை தம்பி சுதாகரன் கனடாவில் இருந்தபடியே தில்லைநாதனுக்கு விற்றார். அக்காவுக்கும் தம்பிக்கும் கதைபேச்சு இல்லை. ஆகவே இந்தச் சிறு தகவல் பரிமாறப்படவில்லை. பக்கத்து வளவுக்காரன் நான், எல்லாம் கண்ணால் கண்டவன்.

நிஸாருக்கு அவசரம். மகள் றிஸ்பாவின் கலியாணத்துக்கு முதல் ஒரு வீடு எழுப்ப வேணும். தில்லைநாதனோ அத்திவாரக் கல்லே லொறியில் கொண்டுவந்து பறித்துவிட்டார்.

காணிக் கந்தோரில் கஜனி மிஸ் இரண்டு உறுதிப் பத்திரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"இரண்டும் சரி. அதுதான் பிழை. விசாரணை முடியுமட்டும் காணி இருந்தபடியே இருக்கோணும். ஒருத்தரும் புல்லும் புடுங்கப்படாது."

"எவ்வளவு நாள், மிஸ்?" என்றார் நிஸார்.

"முறைப்படி எடுக்கிற நாள்."

அன்றிலிருந்து காணியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கதிரை போட்டு இருந்தார்கள். மற்றவர் புல்லுப் புடுங்குகிறாரோ என்று காவல். ஆறு வருசம்! முதல் வருசம் முறைத்தார்கள். அடுத்த வருசம் ஒரே போத்தல் தேத்தண்ணியைப் பங்கிட்டார்கள். றிஸ்பாவின் கலியாணம், பாவம், தகரக் கொட்டிலில்தான் நடந்தது. தில்லைநாதன் நிஸாரோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார். ஆறாம் வருசம் பத்தை வளர்ந்து ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. நிஸார் சத்தம் வைத்தார்:

"தில்லையண்ணை, ஆளுக்குப் பாதி எடுப்பமே?"

"ஓம் தம்பி! இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் கந்தோருக்குப் பறந்தார்கள். கஜனி மிஸ் முகம் மலர்ந்து கோப்பை மூடினா.

"பிணக்கு ஏற்கெனவே தீர்ந்திட்டுது. ஆறு வருசம் ஒருத்தரும் துப்புரவாக்காத இடம் காடு. போன கிழமை காட்டுக் கந்தோர் வெள்ளை எல்லைக்கல் போட்டிட்டுது."

"ஐயோ மிஸ், நீங்கள்தானே புல்லும் புடுங்கப்படாதெண்டனீங்கள்!"

"உங்கட ஒத்துழைப்புக்கு நன்றி. அதுவும் கோப்பில பதிஞ்சிருக்கு."

அடுத்த மாதம் மிஸ்ஸே வேர்க்க விறுவிறுக்க நிஸாரின் கொட்டிலுக்கு வந்தா. தில்லைநாதனும் நானும் அங்கேதான் இருந்தோம். கந்தோர் வளவில் புல்லு வெட்ட அனுமதி கேட்டு எழுதி ஆறு வருசமாம். பதில் இல்லையாம். அங்கேயும் கல் போட்டாச்சாம்.

"அதில ஒரு கந்தோர் இருந்ததெண்டு நீங்கள் இரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்து வைக்கோணும்."

"வைக்கிறம் மிஸ்," என்றார் நிஸார். "முதல்ல விசாரிக்கோணும். அதுமட்டும் ஒருத்தரும் உள்ளுக்குக் கால் வைக்கப்படாது."

வயிறு நோகச் சிரித்துக்கொண்டு வீட்டை வந்தேன். பின்வளவில் நாயுருவி இடுப்பளவுக்கு நின்றது. ஆறு வருசமாக இவர்களை வேடிக்கை பார்த்ததில் கத்தி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. நாயுருவிக்குள் வெள்ளையாக ஒரு கல் தெரிந்தது.